பில்லுல வேற பார்ட்டியோட ஜிஎஸ்டி நம்பர், ஒயிட்னர் போட்டு திருத்திக்கச் சொல்றாங்க – என்ன பண்றது?

கரூர்_கணக்கு
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கரூர்ல ஒரு ஹோம் டெக்ஸ்டைல் யூனிட்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். போன மாசம் ஈரோட்டுல இருந்து 20ஸ் கோன் நூல் 2,000 கிலோ வாங்குனோம், கிலோ 170 ரூபான்னு பில் வந்துச்சு, 3,40,000, அதுக்கு 5% ஜிஎஸ்டி 17,000, மொத்தம் 3,57,000. சரக்கு நல்லபடியா வந்து தறிக்கும் ஏறிடுச்சு. இப்ப 14ஆம் தேதி 2பி (சப்ளையருங்க ரிட்டர்ன்ல ஏத்துன பில்லுங்க லிஸ்ட், வாங்குறப்ப குடுத்த ஜிஎஸ்டிய நம்ம வரில கழிச்சுக்கற கிரெடிட் இத வச்சுதான்) வந்ததும் டேலி பண்ணிப் பாக்கறேன், அந்த பில்லையே காணோம். எடுத்துப் பாத்தா பில்லுல எங்க கம்பெனி பேரு இருக்கு, எங்க கரூர் அட்ரஸ் இருக்கு, ஆனா ஜிஎஸ்டி நம்பர் மட்டும் எங்களோடது இல்ல. அதே பேர்ல ஈரோட்டுலயே இன்னொரு பார்ட்டி இருக்காங்க போல, அவங்க நம்பர் விழுந்திருக்கு. இதுபோக ரேட்டும் தப்பு, பேசுனது 168, போட்டது 170.

சப்ளையர் கிட்ட போன் பண்ணா "அதுல என்னங்க, ஒயிட்னர் போட்டு உங்க நம்பர எழுதி அனுப்புங்க, நான் சீல் வச்சு கையெழுத்து போட்டுத் தர்றேன்"ங்கறாங்க. எங்க ஓனரு "கிரெடிட் வர்ற வரைக்கும் ஒரு பைசா குடுக்காத"ங்கறாரு. 20ஆம் தேதி 3பி (வரி கட்டற மாச ரிட்டர்ன்) போடணும். நடுவுல நான் மாட்டிக்கிட்டு இருக்கேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

புதுசு_பில்லிங்
ரிவைஸ்டு இன்வாய்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல, அத போடச் சொல்லுங்க, முடிஞ்சுது.

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
ரிவைஸ்டு இன்வாய்ஸ் இதுக்கு இல்லங்க, நிறைய பேரு இத தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. சட்டத்துல 31ஆவது செக்ஷன்ல வர்ற ரிவைஸ்டு இன்வாய்ஸ், புதுசா ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்தவங்களுக்கு மட்டும். ரெஜிஸ்ட்ரேஷன் எந்தத் தேதில இருந்து செல்லுமோ அந்தத் தேதிக்கும், சர்டிபிகேட் கைக்கு வந்த தேதிக்கும் நடுவுல வரி போடாம பில் போட்டிருப்பாங்கல்ல, அந்த பில்லுங்களுக்குப் பதிலா ஒரு மாசத்துக்குள்ள போட்டுக்கறது அது. மத்தபடி பில்லுல தப்பு வந்தா ரிவைஸ்டுன்னு தலைப்பு போட்டு இன்னொண்ணு அடிச்சுக் குடுக்கறதுக்கு சட்டத்துல வழி இல்ல.

கரூர் சகோ, மொதல்ல ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த ஒயிட்னர தொடாதீங்க. சப்ளையரே கையெழுத்து போட்டாலும் வேணாம். உங்க கையில இருக்கற பேப்பர்ல ஒரு நம்பரு, அவரு ஜிஎஸ்டிஆர்-1ல (விற்பனை ரிட்டர்ன்ல) ஏத்துனது வேற நம்பருன்னா நாளைக்கு ஸ்க்ரூட்டினில ஆபீசர் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கறப்ப அது திருத்துன பில்லா தெரியாது, போர்ஜரியா தெரியும். பதில் சொல்ல வேண்டியது நீங்க.

அடுத்து, பில்லுல தப்புன்னாலே எல்லாத்துக்கும் ஒரே மருந்துன்னு நினைக்கக் கூடாது. கேட்டுக்க வேண்டிய கேள்வி என்னன்னா, தப்பு பில்லுல இருக்கா, ரிட்டர்ன்ல இருக்கா, இல்ல ரெண்டுலயுமா? பில்லு சரியா இருந்து ரிட்டர்ன்ல ஏத்தறப்ப மட்டும் மாறிடுச்சுன்னா ரிட்டர்ன அமெண்ட் பண்ணா போதும், ஒரு பேப்பரையும் தொட வேணாம். பில்லுலயே ரேட்டோ வரியோ கூடப் போயிடுச்சுன்னா அதுக்கு கிரெடிட் நோட், கம்மியாப் போயிடுச்சுன்னா டெபிட் நோட், 34ஆவது செக்ஷன். உங்க கேஸுல ரெண்டு தப்பு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, நம்பர் மாறுனது ஒண்ணு, ரேட் ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு சரி பண்ணுங்க, ஒண்ணா போட்டுக் குழப்பாதீங்க.

டாலி_ராணி
நம்பர் எப்படி மாறுதுன்னு நான் சொல்றேன், பத்து பன்னெண்டு வருஷமா பில்லிங் பாக்கறவ. யாரும் ஜிஎஸ்டி நம்பர டைப் பண்றப்ப ஒரு எழுத்து தப்பா அடிச்சு இந்த மாதிரி ஆகறது ரொம்பக் கம்மி. ஏன்னா 15 எழுத்துல மொதல் ரெண்டு ஸ்டேட் கோடு, நமக்கு 33, அடுத்த பத்தும் பான், பதிமூணாவது அந்த பான்ல எத்தனாவது ரெஜிஸ்ட்ரேஷன்னு, பதினாலாவது பொதுவா இசட், கடைசி எழுத்து செக் டிஜிட். நடுவுல ஒண்ணு மாத்தி அடிச்சா கடைசி எழுத்து ஒத்துவராது, போர்ட்டல் ஏத்துக்காது. அதனால தப்பு நம்பர் ரிட்டர்ன்ல ஏறியிருக்குன்னா அது கண்டிப்பா உண்மையான வேற யாரோட நம்பரோதான். டாலி சாஃப்ட்வேர்ல லெட்ஜர் பேரு அடிக்க ஆரம்பிச்சா லிஸ்ட் வரும், ஒரே பேரு ரெண்டு இருந்தா மேல இருக்கறது செலக்ட் ஆயிடும், என்டர் என்டர்னு தட்டிட்டே போயிடுவாங்க. லெட்ஜர் பேருக்குப் பின்னாடியே ஊரும், நம்பரோட கடைசி நாலு எழுத்தும் சேத்து வைக்கச் சொல்லுங்க உங்க சப்ளையர, இந்தத் தொல்லையே வராது.

நூல்கடை_ஈரோடு
சப்ளையர் பக்கம் நின்னு சொல்றேன். இன்னும் அவரு 3பி போடலைன்னா ஜிஎஸ்டிஆர்-1ஏ இருக்கே. 2024 ஆகஸ்ட்ல இருந்து வந்துருச்சு. 1 போட்டதுக்கு அப்புறம், அந்த மாசத்து 3பி போடறதுக்கு முன்னாடி அதுலயே திருத்திக்கலாம். இன்னைக்கே சொல்லி 1ஏல நம்பர மாத்தச் சொல்லுங்க, வேலை முடிஞ்சுது.

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
அண்ணா, 1ஏ நல்ல வசதிதான், ஆனா இந்தத் தப்புக்கு உதவாது. 1ஏல பில் தொகை, வரி, தேதி, விட்டுப்போன பில் இதெல்லாம் பண்ணலாம், வாங்குறவங்க ஜிஎஸ்டி நம்பர மட்டும் மாத்த விடாது. அதுக்கு அடுத்த மாசத்து ஜிஎஸ்டிஆர்-1ல 9ஏ டேபிள்ல போய்தான் அமெண்ட்மெண்ட் போடணும். அதோட 1ஏ ஒரு மாசத்துக்கு ஒரு தடவைதான் பைல் பண்ண முடியும், அதுல திருத்துனதும் வாங்குறவங்களுக்கு அடுத்த மாச 2பிலதான் வரும். அதனால எப்படிப் பாத்தாலும் கரூர் சகோவுக்கு இந்த மாசம் 3பில அந்த 17,000 கிடையாது. மனச தேத்திக்கங்க. சட்டத்துல 16(2)(ஏஏ)ங்கற பிரிவு வந்ததுல இருந்து சப்ளையர் ரிட்டர்ன்ல ஏறி நம்ம 2பில வந்தாதான் கிரெடிட், கையில பில் இருக்குன்னு எடுத்தா திருப்பிக் கட்டணும், வட்டியும் வரும்.

கரூர்_கணக்கு
ரொம்ப நன்றிங்க. பேப்பர் என்ன பண்றது? ரிட்டர்ன்ல அமெண்ட் பண்ணாலும் என் கையில இருக்கற ஒரிஜினல்ல பழைய நம்பர்தானே இருக்கும்?

டாலி_ராணி
பேசாம ஈரோட்டு நம்பர் மேல முழு தொகைக்கும் கிரெடிட் நோட் போட்டு கேன்சல் பண்ணிட்டு, உங்க நம்பர்ல இன்னைக்குத் தேதில புது பில் போடச் சொல்லுங்க. நாங்கல்லாம் அப்படித்தான் பண்றோம். சுத்தமா இருக்கும்.

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
மேடம், நிறைய ஆபீஸ்ல அப்படிப் பண்றாங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு அதுல மூணு சங்கடம் தெரியுது. சரக்கு போனது போன மாசம், பில் தேதி இந்த மாசம், ஈ-வே பில்லுல (சரக்கு வண்டில போறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற சீட்டு) பழைய பில் நம்பரு, மூணும் ஒட்டாது. ரெண்டாவது, 34ஆவது செக்ஷன்ல கிரெடிட் நோட் எதுக்குன்னு இருக்கு, விலையோ வரியோ கூடப்போனதுக்கு, சரக்கு திரும்பி வந்ததுக்கு, சரக்கு சரியில்லாததுக்கு. ஆளு மாறுனதுக்குன்னு அதுல இல்ல. மூணாவதுதான் பெருசு, ஐஎம்எஸ், அதாவது தன் நம்பருக்கு வர்ற பில்லுங்கள வாங்குறவங்க அக்செப்ட், ரிஜெக்ட் பண்ற போர்ட்டல் பக்கம். ஈரோட்டு பார்ட்டிக்கு சம்பந்தமே இல்லாம ஒரு பில்லும் ஒரு கிரெடிட் நோட்டும் அவங்க டேஷ்போர்டுல போய் உக்காரும். அவங்க பில்ல ஒண்ணும் பண்ணாம விட்டா தானா அக்செப்ட் ஆயிடும், கிரெடிட் நோட்ட மட்டும் "இது யாருதோ"ன்னு ரிஜெக்ட் பண்ணிட்டா அந்த 17,000 சப்ளையர் தலையில திரும்ப ஏறும். இப்ப 2025 ஜூலை மாசத்துல இருந்து 3பில தானா வர்ற லயபிலிட்டிய (கட்ட வேண்டிய வரிய) நாம கையால மாத்தவும் முடியாது, லாக் பண்ணிட்டாங்க. போதாததுக்கு 2025 அக்டோபர் 1ல இருந்து வாங்குனவங்க கிரெடிட்ட ரிவர்ஸ் பண்ணாதான் சப்ளையர் வரிய கொறைச்சுக்க முடியும்னு 34(2)யவே திருத்திட்டாங்க.

அதனால நான் இருக்கற எடத்துல, சரக்கு சரி, தொகை சரி, நம்பர் மட்டும் மாறுனதுன்னா 9ஏல அமெண்ட் பண்ணச் சொல்வோம். பேப்பருக்கு, அதே பில் நம்பர், அதே தேதில சரியான ஜிஎஸ்டி நம்பரோட ஒரு காப்பி, கூடவே லெட்டர்பேட்ல "இந்த நம்பர் பில்லுல வாங்குனவர் ஜிஎஸ்டி நம்பர் தவறா அச்சாகிடுச்சு, சரியானது இது, இந்த மாச ஜிஎஸ்டிஆர்-1ல திருத்தியிருக்கோம்"னு ஒரு கடுதாசி. பழைய பில்ல கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, இது மூணையும் சேத்து பின் பண்ணி வைக்கணும். சப்ளையர் கிட்ட இருக்கற டிரிப்ளிகேட்லயும் அதே மாதிரி. இது சட்டத்துல வரி வரியா எழுதுன முறை இல்ல, ஆனா யாரு வந்து பாத்தாலும் என்ன நடந்துச்சுன்னு தெரியும், அதுதான் முக்கியம்.

டாலி_ராணி
சரி சார், ஐஎம்எஸ் விஷயத்த நான் யோசிக்கல. எங்க பார்ட்டிங்க எல்லாம் தெரிஞ்சவங்க, போன் போட்டு சொல்லிடுவோம், அதனால பிரச்சனை வந்ததில்ல. ஆனா புது பில் போடறதுல ஒரு நன்மை இருக்கு, வாங்குறவங்க கையில ஒரே ஒரு சுத்தமான பேப்பர் இருக்கும், கடுதாசி தொலைஞ்சுபோகுமேங்கற பயம் இல்ல. இதுல நான் இன்னும் முழுசா உங்க பக்கம் வரல.

பெயர்_வேண்டாம்
பேரு ஸ்பெல்லிங் தப்பா இருந்தாலும் இவ்வளவு அலையணுமா? எங்க பேருல ஒரு "ஹெச்" விட்டுட்டாங்க ஒரு பில்லுல.

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
அலைய வேணாம். ரூல் 36(2)ல ஒரு விதிவிலக்கு இருக்கு. பில்லுல இருக்க வேண்டிய எல்லா விவரமும் இல்லாட்டியும், வரித் தொகை, என்ன சரக்கு, மொத்த மதிப்பு, குடுத்தவர் வாங்குனவர் ரெண்டு பேர் ஜிஎஸ்டி நம்பர், வெளி மாநிலம்னா பிளேஸ் ஆஃப் சப்ளை (எந்த மாநிலத்துக்கு சப்ளைன்னு), இவ்வளவு இருந்தா கிரெடிட் எடுக்கலாம். கவனிச்சீங்களா, அந்தக் குறைஞ்சபட்ச லிஸ்ட்ல வாங்குனவர் ஜிஎஸ்டி நம்பர் இருக்கு. அதனாலதான் பேருல "ஹெச்" போனா விட்டுடலாம், நம்பர் போனா விட முடியாதுங்கறேன்.

லாரிஷெட்_பழனி
கணக்கு எழுதறவங்க மாசக் கடைசில பாக்கறீங்க, நாங்க ரோட்டுல ராத்திரி ரெண்டு மணிக்குப் பாக்கறோம், அதனால ஈ-வே பில் பத்தி நானும் சொல்லிடறேன். தமிழ்நாட்டுக்குள்ளயே போற சரக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல, வெளி மாநிலம்னா 50,000க்கு மேல ஈ-வே பில் வேணும். போட்டுட்டா அதுல எடிட் கிடையாது, வண்டி நம்பர் மட்டும் பார்ட் பில மாத்திக்கலாம். வேற எது தப்புன்னாலும் 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணிட்டு புதுசு போடணும், அதுவும் நடுவுல ஆபீசர் செக் பண்ணிட்டா கேன்சலும் ஆகாது. வாங்குறவங்களுக்கு தன் நம்பர்ல சம்பந்தமில்லாத ஈ-வே பில் வந்தா 72 மணி நேரத்துக்குள்ள ரிஜெக்ட் பண்ணலாம், இல்ல சரக்கு கைக்கு வந்ததுன்னா அதுக்கு முன்னாடி. ஈரோட்டு பார்ட்டி அப்பவே ரிஜெக்ட் பண்ணியிருந்தா இந்தத் தப்பு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். யாருமே அந்தப் பக்கத்த தொறந்து பாக்கறதில்ல.

சின்னத் தப்புக்கெல்லாம் வண்டிய மடக்கி வச்சு பயங்காட்டுவாங்க, பயப்படாதீங்க. 2018 செப்டம்பர்ல 64ஆம் நம்பர் சர்குலர் ஒண்ணு வந்துச்சு, அந்தப் பேப்பர டிரைவர் கிட்ட ஒரு ஜெராக்ஸ் குடுத்து வைங்க. ஜிஎஸ்டி நம்பர் சரியா இருந்து பேருல ஸ்பெல்லிங் தப்பு, அட்ரஸ் சரியா இருந்து பின்கோடு தப்பு, பில் நம்பர்ல ஒண்ணு ரெண்டு எண் மாறுனது, எச்எஸ்என் (சரக்கு வகை கோடு) மொத ரெண்டு எண் சரியா இருந்து வரியும் சரியா இருந்து மத்தது தப்பு, வண்டி நம்பர்ல ஒண்ணு ரெண்டு எண் தப்பு, இதுக்கெல்லாம் 129ஆவது செக்ஷன்ல வண்டிய பிடிக்கக் கூடாது, மத்திய ஜிஎஸ்டில 500, மாநில ஜிஎஸ்டில 500, மொத்தம் ஆயிரம் அபராதம், அவ்வளவுதான். ஆனா ஜிஎஸ்டி நம்பரே மாறுனது அந்த லிஸ்ட்ல இல்ல. கரூர் தம்பி, உங்க வண்டிய நடுவுல யாரும் நிறுத்தாதது உங்க நல்ல நேரம்.

ஈ_இன்வாய்ஸ்_அவதி
எங்க கம்பெனி டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல, அதனால 2023 ஆகஸ்ட் 1ல இருந்து ஈ-இன்வாய்ஸ், அதாவது ஒவ்வொரு பில்லயும் ஐஆர்பிங்கற போர்ட்டல்ல பதிஞ்சு ஐஆர்என்ங்கற நம்பர் வாங்கணும். எங்களுக்கு ரூல் இன்னும் டைட். ஐஆர்என் வந்துருச்சுன்னா 24 மணி நேரம்தான், அதுக்குள்ள கேன்சல் பண்ணிக்கலாம், அதுலயும் ஒரு லைன மட்டும் மாத்தறதெல்லாம் முடியாது, முழு பில்லும் போயிடும். அதே பில் நம்பர திரும்ப யூஸ் பண்ணவும் முடியாது. ஈ-வே பில் உயிரோட இருந்தா ஐஆர்என் கேன்சல் ஆகாது, மொதல்ல ஈ-வே பில்ல கேன்சல் பண்ணணும், இந்த ஆர்டர் தெரியாம எங்க ஆபீஸ்ல ஒரு தடவை சாயந்தரம் வரைக்கும் எர்ரர் வந்துட்டே இருந்துச்சு.

24 மணி நேரம் தாண்டிட்டா ரேட், வரி தப்புக்கு கிரெடிட் நோட், அதுக்கும் ஐஆர்என் எடுக்கணும். ரிட்டர்ன்ல அமெண்ட் பண்ற வழி இருக்கு, ஆனா ஐஆர்பில இருக்கற பழைய டேட்டா மாறாது, ரெண்டும் வேற வேறயா நிக்கும், அதுக்கும் ஒரு விளக்கம் எழுதி வச்சுக்கணும். என் அனுபவத்துல ஈ-இன்வாய்ஸ் கம்பெனிக்கு நிம்மதியான வழி ஒண்ணுதான், லோடு ஏத்தறதுக்கு முன்னாடி ட்ராப்ட் பில்ல பார்ட்டிக்கு வாட்ஸப்ல அனுப்பி "ஓகே" வாங்கிட்டு அப்புறம் ஐஆர்என் எடுக்கறது. ரெண்டு நிமிஷ வேலை. பார்ட்டிங்களும் அத ரொம்ப மதிக்கறாங்க.

கரூர்_கணக்கு
ரேட் விஷயத்துக்கு நாங்களே ஒரு டெபிட் நோட் போட்டு அனுப்பிட்டோம்ங்க, 4,000 பிளஸ் ஜிஎஸ்டி 200. எங்க யூனிட்ல எப்பவும் அப்படித்தான், ஷார்ட்டேஜ், ரேட் டிஃபரன்ஸ், டேமேஜ் எதுன்னாலும் டெபிட் நோட் போட்டு பேலன்ஸ்ல கழிச்சுடுவோம். அது போதும்தானே?

நூல்கடை_ஈரோடு
போதாது தம்பி, இந்தப் பழக்கத்தால நாங்க பட்ட பாடு இருக்கே. நீங்க போடற டெபிட் நோட் உங்க கணக்குக்கும் என் கணக்குக்கும் நடுவுல ஒரு கடுதாசி, அவ்வளவுதான். வாட் காலத்துல இருந்து வந்த பழக்கம் அது. ஜிஎஸ்டில வரிய கொறைக்கற கிரெடிட் நோட் சப்ளையர்தான் போட முடியும். நீங்க டெபிட் நோட்ல 200 ரூபா ஜிஎஸ்டின்னு போட்டு கழிச்சுட்டீங்க, நான் கிரெடிட் நோட் போடாம விட்டா என் ரிட்டர்ன்ல 17,000 அப்படியே இருக்கும், உங்க 2பிலயும் 17,000 இருக்கும், ஆனா நீங்க குடுத்தது 16,800. இப்படி வருஷம் பூரா ஒவ்வொரு பார்ட்டியும் ஐநூறு ஆயிரம்னு கழிச்சா, மார்ச்ல லெட்ஜர் டேலி பண்றப்ப ரெண்டு பேருக்கும் சண்டைதான் மிச்சம்.

இந்த மாதிரி சின்னத் தொகைக்கு நாங்க ஜிஎஸ்டி இல்லாத கிரெடிட் நோட் போடறோம், கமர்ஷியல் கிரெடிட் நோட்னு சொல்வாங்க. 4,000 மட்டும் கழிக்கறது, வரிய தொடறதில்ல. நீங்க 3,53,000 குடுப்பீங்க, 17,000 முழுசும் கிரெடிட் எடுத்துப்பீங்க, நான் 17,000 கட்டியிருப்பேன், யாருக்கும் நஷ்டம் இல்ல, ரிட்டர்ன்ல ஒண்ணும் ஏத்த வேணாம், ஐஎம்எஸ்ல யாரும் எதையும் அமுக்க வேணாம்.

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
ஈரோடு அண்ணன் சொல்றது சரியான வழி. 34ல "போடலாம்"னுதான் இருக்கு, கட்டாயம்னு இல்ல. 2019 மார்ச்ல வந்த 92ஆம் நம்பர் சர்குலர்லயும் வரிய தொடாத இந்த மாதிரி கிரெடிட் நோட்டு பத்தி பேசியிருக்காங்க. பெரிய தொகைன்னா மட்டும் ஜிஎஸ்டியோட போட்டுக்கங்க. அதுக்குக் கெடு, அந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30, இல்ல வருஷ ரிட்டர்ன் போட்ட நாள், எது முந்தியோ அது. ரிட்டர்ன் திருத்தம், கிரெடிட் எடுக்கறது, இதுக்கும் அதே நவம்பர் 30தான். டிசம்பர்ல வந்து "போன வருஷ பில்லு சார்"னு கேக்கறவங்கள பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது, ஏன்னா அப்ப ஒண்ணும் பண்ண முடியாது.

ஒரு கண்டிஷன், கரூர் சகோ. ஜிஎஸ்டியோட கிரெடிட் நோட் போடறதா இருந்தா மொதல்ல நம்பர் அமெண்ட்மெண்ட் முடியட்டும். இல்லாட்டி அந்த 200 ரூபா கிரெடிட் நோட்டும் ஈரோட்டு நம்பருக்கே போகும்.

ஓசூர்_ஜாப்ஒர்க்
இந்தப் பேச்சுக்கு கொஞ்சம் வெளிய, ஆனா இதே மாதிரி ஒரு தலைவலி. நாங்க ஓசூர். பெங்களூர் கம்பெனி ஆர்டர் குடுத்தாங்க, ஆனா சரக்க ஓசூர்லயே வேற ஒரு பேக்டரில இறக்கச் சொன்னாங்க. எங்க பில்லிங்ல டெலிவரி ஓசூர்தானேன்னு சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்குள்ள விக்கறதுக்கான வரி) போட்டுட்டாங்க, 5 லட்சத்துக்கு 18%, 45,000 45,000. இப்ப பெங்களூர்காரங்க ஐஜிஎஸ்டி (வெளி மாநில வியாபாரத்துக்கான வரி) வேணும்னு நிக்கறாங்க. சரக்கு தமிழ்நாட்ட விட்டே போகலையே, அப்புறம் ஏன் ஐஜிஎஸ்டி?

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
அவங்க சொல்றது சரிங்க. பில் டு ஷிப் டு கேஸ் இது, பில் ஒருத்தருக்கு, சரக்கு வேற எடத்துக்கு. ஐஜிஎஸ்டி சட்டம் 10(1)(பி), யாரு சொல்லி சரக்க மூணாவது எடத்துல இறக்குனீங்களோ அவங்களுக்கே குடுத்த மாதிரி, அவங்க மெயின் ஆபீஸ் எங்கயோ அதுதான் பிளேஸ் ஆஃப் சப்ளை. அவங்க நம்பர் 29ல ஆரம்பிக்குதுன்னா கர்நாடகா, அப்ப ஐஜிஎஸ்டிதான். லாரி மாநில எல்லைய தாண்டுச்சாங்கறது இங்க கணக்குல வராது. ஓசூர்லயும், கோயம்புத்தூர் பாலக்காடு பக்கமும் இந்தத் தப்பு தெனமும் நடக்குது.

வழி இருக்கு, 77ஆவது செக்ஷன். 90,000 ஐஜிஎஸ்டிய சரியா கட்டுங்க, இதுக்கு வட்டி கிடையாது. தப்பாக் கட்டுன ரெண்டு 45,000த்தையும் ரீஃபண்டா கேளுங்க, ஐஜிஎஸ்டி கட்டுன தேதில இருந்து ரெண்டு வருஷம் டைம், ரூல் 89(1ஏ). ஆபீசர் கண்டுபிடிச்சாதான் இது பொருந்தும்னு மொதல்ல சொல்லிட்டு இருந்தாங்க, நாமளே கண்டுபிடிச்சு கட்டுனாலும் பொருந்தும்னு 2021 செப்டம்பர்ல 162ஆம் நம்பர் சர்குலர்ல தெளிவாச் சொல்லிட்டாங்க. கஷ்டம் என்னன்னா ரீஃபண்ட் வர்ற வரைக்கும் 90,000 உங்க கைக்காசு முடங்கும். அந்த மாச 3பி இன்னும் போடலைன்னா இப்பவே சரி பண்ணிடுங்க, அந்த முடக்கமே வராது.

ஓசூர்_ஜாப்ஒர்க்
இன்னும் போடல சார்! இன்னைக்கே ஆடிட்டர் கிட்ட பேசிடறேன். ரொம்ப நன்றி.

புதுசு_பில்லிங்
நான் கேக்கறது சின்னப்புள்ளத்தனமா இருந்தா மன்னிச்சுக்கங்க. தப்பா போட்ட பில்ல டாலில டெலிட் பண்ணிட்டு அதே நம்பர்ல வேற பார்ட்டிக்கு போட்டுக்கலாமா? பில் இன்னும் யாருக்கும் குடுக்கல.

டாலி_ராணி
டெலிட் பண்ணாத கண்ணு. கேன்சல்னு வை, நம்பர் அப்படியே இருக்கட்டும், தொகை மட்டும் இல்லாமப் போயிடும். பில் நம்பர் வரிசையா வரணும், ஒரு வருஷத்துக்குள்ள ஒரு நம்பர் ஒரு தடவைதான், 16 எழுத்துக்கு மேல போகக் கூடாது. ஜிஎஸ்டிஆர்-1 கடைசில 13ஆவது டேபிள்ல எத்தன பில் போட்டீங்க, எத்தன கேன்சல்னு கேப்பாங்க, அங்க காட்டிடணும். கம்பெனியா இருந்தா 2023 ஏப்ரல் 1ல இருந்து சாஃப்ட்வேர்ல எடிட் லாக் இருந்தே ஆகணும், நீ எத்தன மணிக்கு என்ன மாத்துனன்னு எல்லாம் பதிவாகும். பிரிண்ட் எடுத்த மூணு காப்பியும் குறுக்க கோடு போட்டு கேன்சல்னு எழுதி பைல்லயே வை, குப்பைல போடாத. இப்பவே கேட்டுக்கிட்டது நல்லது, கேக்காம டெலிட் பண்றவங்கதான் அதிகம்.

கரூர்_கணக்கு
ஓனரு பேமெண்ட் நிறுத்தி வச்சிருக்காரே, அதுக்கு என்ன சொல்றது? சப்ளையர் சின்ன ஆளு, தெனமும் போன் பண்றாங்க, எனக்கே சங்கடமா இருக்கு.

நூல்கடை_ஈரோடு
இத மட்டும் நான் அழுத்திச் சொல்றேன். 17,000 ரூபா கிரெடிட்டுக்கு 3,57,000த்தையும் பிடிச்சு வைக்கறது நியாயமே இல்ல. 17,000த்த மட்டும் நிறுத்திட்டு மீதிய குடுங்க, 2பில வந்தன்னைக்கு அதையும் குடுத்துடுங்க. நூல் வியாபாரம் பண்றவன் மில்லுக்கு அட்வான்ஸ் கட்டித்தான் சரக்கு எடுக்கறான், மூணரை லட்சம் ஒரு மாசம் நின்னா அடுத்த லோடு எடுக்க முடியாது.

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
சட்டமும் அதத்தான் சொல்லுது. 180 நாளுக்குள்ள பணம் குடுக்கலைன்னா எடுத்த கிரெடிட்டவே திருப்பணும். சப்ளையர் சொந்தமா நூல் தயாரிக்கற சின்ன மில்லா இருந்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) பதிவு இருந்தா, எழுத்துல ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாள், தாண்டி வருஷக் கடைசிலயும் பாக்கி நின்னா உங்க ஓனருக்கு அந்த வருஷம் செலவாவே கழிக்க முடியாது, வருமான வரி கூடும். வாங்கி விக்கற வியாபாரின்னா அது பொருந்தாது. இந்த ரெண்டையும் ஓனர்கிட்ட சொல்லுங்க, அவருக்கே நஷ்டம்னு தெரிஞ்சா குடுத்துடுவாரு.

சட்டம்_படிக்கிறேன்
கோர்ட்டும் இந்த மாதிரி கைத்தவறுக்கு இறங்கி வந்திருக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2020 அக்டோபர்ல சன் டை கெம் வழக்குல, சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டில போக வேண்டியது ஐஜிஎஸ்டில விழுந்துடுச்சு, வாங்குனவங்களுக்கு கிரெடிட் கிடைக்கல, அத திருத்த அனுமதிக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க. 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றமும் இன்னொரு வழக்குல, மனுஷன் பண்ற எழுத்துப் பிழைய திருத்தறது வியாபாரம் பண்றவங்க உரிமைலயே வரும், சாஃப்ட்வேர்ல வழி இல்லங்கறது காரணம் ஆகாதுன்னு சொல்லுச்சு. அதனால கெடு தாண்டிட்டாலும் எல்லாம் முடிஞ்சுதுன்னு இல்ல.

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
உண்மைதான், ஆனா அது ரிட் மனு போட்டு வக்கீல் பீஸ் குடுத்து வாங்கறது தம்பி. 17,000 ரூபாய்க்கு யாரு போவாங்க? நவம்பர் 30க்குள்ள போர்ட்டல்லயே முடிச்சுக்கறதுதான் நமக்கு.

கரூர்_கணக்கு
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு மதியம் சப்ளையர், நான், அந்த ஈரோட்டு பார்ட்டியோட அக்கவுண்டன்ட் மூணு பேரும் கான்பரன்ஸ் கால்ல பேசுனோம். ஈரோட்டுக்காரங்க இன்னும் 3பி போடல, அந்த பில் அவங்க ஐஎம்எஸ்ல இருக்கு, ரிஜெக்ட் பண்ணிட்டு 2பிய ரீ-கம்ப்யூட் குடுத்துடறேன்னாங்க. சப்ளையர் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1ல 9ஏல மாத்தறேன், லெட்டர் குரியர்ல அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டாங்க. ரேட்டுக்கு 4,000 கமர்ஷியல் கிரெடிட் நோட், எங்க டெபிட் நோட்ட நாங்க திரும்ப எடுத்துக்கறோம். ஓனரு 17,000 போக மீதிய நாளைக்கு ஆர்டிஜிஎஸ் போடச் சொல்லிட்டாரு, அதாவது 3,36,000. ஒயிட்னர் பேச்சே இல்ல.

கடைசியா ஒண்ணு, அமெண்ட்மெண்ட் போட்டா எனக்கு எப்ப தெரியும்?

ஆடிட்_ஆபீஸ்_அனுபவம்
அவரு அடுத்த மாசம் 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 போட்டா 14ஆம் தேதி வர்ற உங்க 2பில வரும், சாதா பில் லிஸ்ட்ல தேடாதீங்க, அமெண்ட்மெண்ட் பகுதில பாருங்க. அவரு சேவ் பண்ண உடனேயே உங்க ஐஎம்எஸ்லயும் தெரிய ஆரம்பிக்கும், 10ஆம் தேதி வாக்குல ஒரு தடவை தொறந்து பாத்துட்டு இல்லைன்னா அன்னைக்கே போன் போடுங்க, 11 தாண்டுனா இன்னொரு மாசம் தள்ளிடும். கிரெடிட்ட அந்த மாசத்து 3பில எடுத்துக்கங்க, போன மாசக் கணக்குல இப்ப "2பில வராத கிரெடிட்"னு தனியா ஒரு லெட்ஜர்ல வச்சிருங்க.